கையைத் திருப்பாதீங்க

கோவிச்சுக்காதீங்க சார், அந்த ஜெல் பாட்டிலைக் கொஞ்சம் பைக்குள்ள வச்சிடுறீங்களா? கை சுத்தமா இருக்கணும்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா அந்தக் கொழகொழப்பைப் பார்த்தாலே எனக்கு அடிவயித்துல இருந்து பிரட்டிக்கிட்டு வருது. எட்டு மாசமா இப்படித்தான். வீட்டுல கத்தாழை வெட்டினாக்கூட எந்திரிச்சு வெளிய போயிடுவேன்.

வச்சிட்டீங்களா? நல்லது. ஜன்னலையும் கொஞ்சம் தள்ளி விடுங்க.

வாத்தியாரா சார்? மடியில பேப்பர் கட்டு இருக்கே, அதான் கேட்டேன். சாத்தூர்ல ஏறினதுல இருந்து பார்க்கேன், ஓரத்துல நீங்க எழுதுற எழுத்து அச்சு மாதிரி இருக்கு. ஓடுற பஸ்ஸுல இப்படி எழுத எல்லாராலயும் முடியாது. எங்க இறங்கணும், திருமங்கலமா? அப்ப நேரம் கிடக்கு. நான் மதுரை வரைக்கும் போறேன். பேத்தி ஆஸ்பத்திரியில கிடக்கா. நாலு வயசு. தன்விகான்னு பேரு, வீட்டுல தனு.

எம் பேரு சுடலைமுத்து. எங்க ஊர்ல எக்ஸ்ரே சுடலைமுத்துன்னாதான் தெரியும். ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில இருபத்திரண்டு வருஷமா எக்ஸ்ரே எடுக்கேன். பெரிய டாக்டர் ஆஸ்பத்திரி திறந்த அன்னைக்கு வாசல்ல பூசணிக்காய் உடைச்சதே நான்தான். அவரு என்னை ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'அண்ணாச்சி'ம்பாரு. அவருக்கு என்னைவிடப் பத்து வயசு கூட.

எனக்குக் கைராசின்னு ஒரு பேரு உண்டு சார். நானா சொல்லிக்கிட்டது இல்ல, சனங்க சொன்னது. ரெண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளைங்களைத் தூக்கிட்டு வருவாக. பிள்ளை ஒரு கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, தொடவே விடாம அழும். என்னாச்சுன்னா, 'ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடிச்சு இழுத்துட்டேன்'பாக, 'ரெண்டு கையையும் பிடிச்சுத் தூக்கிச் சுத்தினோம்'பாக. பெரிய டாக்டர் சீட்டு எழுதி என் ரூமுக்கு அனுப்பிடுவாரு. நான் முழங்கையைப் பிளேட்டு மேல வச்சு, உள்ளங்கை மேல பார்க்கிற மாதிரித் திருப்புவேன். நேர்ப்படத்துக்கு அப்படித்தான் வைக்கணும், அதுதான் பொசிஷன். திருப்பும்போது என் விரலுக்கடியில டொக்குன்னு ஒரு சின்ன அசைவு தெரியும். அவ்வளவுதான், அழுகை நின்னுடும். வெளிய வர்றதுக்குள்ள அதே கையை நீட்டி மிட்டாய் வாங்கும். தாய்மாரெல்லாம் எனக்குக் கும்பிடு போட்டுட்டுப் போவாக. 'டாக்டர்கிட்டக்கூடப் போவேணாம், அண்ணாச்சி தொட்டாப் போதும்'னு ஊருக்குள்ள ஒரு பேச்சே உண்டு. அந்த டொக்கு என்னன்னு நான் யோசிச்சதே இல்ல. கைராசிக்கு யாராவது காரணம் கேப்பாகளா?

இப்படி இருக்கும்போதுதான் அந்தம்மா வந்தாக. டாக்டர் மெர்லின். நாகர்கோவில் பக்கம். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். வெளியூர்ல எங்கயோ அவசர சிகிச்சை படிச்சிட்டு வந்தாகளாம். வந்த ரெண்டாவது வாரம் என் ரூமுக்கு வந்து நின்னு, நான் ஒரு பிள்ளைக்குப் படம் எடுக்கிறதைப் பார்த்தாக. பிள்ளை அழுகை நின்னது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை, பார்த்துக்கிடட்டும்னு. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லுது, 'அண்ணாச்சி, நீங்களே வைத்தியம் பார்த்துட்டீங்க. இழுத்ததுல எலும்போட தலை அதைச் சுத்தியிருக்கிற நார் வளையத்துல இருந்து லேசா நழுவியிருக்கும். உள்ளங்கையை மேல திருப்பும்போது அது தானா உட்காந்துடும். அதான் அந்தச் சத்தம்.'

பாத்தீங்களா சார்? இருபத்திரண்டு வருஷத்துக் கைராசியை எடுத்து ஒரே நிமிஷத்துல தரையில போட்டாச்சு. நர்ஸு பிள்ளைங்க ரெண்டு பேரு நின்னு கேட்டுக்கிட்டு இருக்காக.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. 'ஆனா எல்லாக் கையும் இப்படி இல்ல அண்ணாச்சி. கீழ விழுந்து, முழங்கைக்கு மேல விரிசல் விட்ட கையையும் இதே மாதிரித் திருப்பினா எலும்பு விலகிடும், பக்கத்துல ரத்தக்குழாய் ஓடுது. அதனால முதல்ல நான் ஸ்கேன்ல பார்த்துடுறேன். அதுவரைக்கும் கையைத் திருப்பாதீங்க'ன்னுச்சு. எனக்கு வந்து சொல்லுது. என் ரூமுல நின்னு.

ஸ்கேன்னா எது தெரியுமா? மாசமா இருக்கிறவுகளுக்கு வயித்துல பார்ப்பாகள்ல, அதேதான். எங்க ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் சம்சாரம் பிரசவம் பார்ப்பாக, அவுக ரூமுல ஒரு மெஷின் சக்கரம் வச்சு நிக்கும். அந்தம்மா அதை உருட்டிக்கிட்டுக் கட்டுப் போடுற ரூமுக்கு வந்துடும். பிள்ளை தாய் மடியிலயே உக்காந்திருக்கும். கை எப்படிக் கிடக்கோ அப்படியே கிடக்கும். முழங்கைக்குப் பின்பக்கமா அந்த ஜெல்லைப் பிதுக்கி, ஒரு கட்டையை வச்சு நகட்டும்.

அய்யே. எனக்கு அங்கதான் சார் குமட்ட ஆரம்பிச்சது. சளி பிடிச்ச பிள்ளை மூக்குல இருந்து வடிஞ்ச மாதிரி முழங்கையில இருந்து கவுன்ல ஒழுகும். கட்டைய எடுத்தா நூல் நூலா வரும். துடைச்ச காகிதமெல்லாம் குப்பைக்கூடையில ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். ஒருநாள் கதவுக் கைப்பிடியில இருந்துச்சு, தெரியாம என் உள்ளங்கையில பட்டுட்டு. சோப்புப் போட்டு மூணு தடவை கழுவியும் மத்தியானம் சோறு இறங்கல.

எலும்பைப் பார்க்கிறதுன்னா சுத்தமா, தூரமா நின்னு பார்க்கணும் சார். கறுப்பு வெள்ளையில எலும்பு எலும்பாத் தெரியணும். இதுல என்ன தெரியுது? ஆன்டெனா திரும்பின பழைய டிவி மாதிரிப் புள்ளி புள்ளியா ஓடுது. அதுல ஒரு கறுப்பைக் காட்டி, 'இங்க ரத்தம் தேங்கியிருக்கு, அப்ப எலும்புல ஏதோ அடி இருக்கு'ங்கும். கறுப்பு இல்லைன்னா, 'வெறும் இழுப்புதான்'னு அதுவே கையைத் திருப்பி டொக்குன்னு உக்கார வச்சிடும். என் டொக்கு சார் அது. தாய்மாருங்க அதுக்கும் கும்பிடு போட்டுட்டுப் போறாக. என் ரூம் வாசல்ல காக்கா குருவி கிடையாது.

ஒரு தடவை ஒரு அஞ்சு வயசுப் பையன் வந்தான். ஸ்கேன்ல கறுப்பு இருக்கு, விரிசல்னுச்சு. படம் கேட்டுச்சு, கையைத் திருப்பாம எடுக்கச் சொல்லி. கோணல் மாணலா ஒரு படம், எனக்கு என் பேரைப் போடவே கூசிச்சு. எடுத்துப் பார்த்தா விரிசலே இல்ல. நான் எல்லாரும் கேக்கச் சொன்னேன், 'டாக்டர், எலும்பு நல்லாத்தான் இருக்கு.' அது சாவகாசமாச் சொல்லுது, 'சின்னப் பிள்ளைங்க முழங்கையில பாதி இன்னும் குருத்தெலும்புதான் அண்ணாச்சி, எக்ஸ்ரேல விழாது.' பத்து நாள் கழிச்சு எடுத்த படத்துல ஒரு கோடு தெரிஞ்சது, எலும்பு கூடுறப்ப வர்ற கோடு. பத்து நாள்ல என்னென்னமோ நடக்கலாம்ல சார்? நடுவுல அவன் இன்னொரு தடவை விழுந்திருக்கலாம். அதை யாரு கேட்டா?

அன்னைக்கு வீட்டுக்குப் போய்த்தான் எழுதினேன்.

லெட்டர் சார். மொட்டைக் கடுதாசி. உங்ககிட்டச் சொன்னா என்ன, திருமங்கலத்துல இறங்கிடப் போறீங்க. ஸ்கேன் மெஷினுக்குச் சட்டம் இருக்கு, உங்களுக்குத் தெரியும்ல? வயித்துல இருக்கிறது ஆணா பெண்ணான்னு பார்த்துடக் கூடாதுன்னு. எந்த ரூமுக்குப் பதிஞ்சிருக்கோ அந்த ரூமை விட்டு மெஷின் நகரக் கூடாது. பெரிய டாக்டர் இன்னொரு ரூமுக்கும் அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருந்தாரு, அது இன்னும் வரல. வர்றதுக்கு முந்தி உருட்டிக்கிட்டுப் போனது தப்பா இல்லையா? தப்புதானே? அதைத்தான் எழுதினேன். 'மெஷினை வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஆண் பெண் பார்க்கிறார்களோ என்று சந்தேகம்.' சந்தேகம்னுதான் சார் எழுதினேன். பார்க்கிறாகன்னு எழுதல. நான் பொய் எழுத மாட்டேன். எழுத்து தெரிஞ்சிடக் கூடாதுன்னு இடது கையால எழுதினேன். முக்கா மணி நேரம் ஆச்சு, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாயுது. கீழ, 'இப்படிக்கு, குழந்தைகள் நலம் விரும்பி'ன்னு போட்டேன்.

ஒன்பதாவது நாள் சுகாதார ஆபீஸ் ஜீப்புல நாலு பேரு வந்தாக. மெஷின் பதிஞ்ச ரூமுல இல்ல, கட்டுப் போடுற ரூமுல நிக்கி. துணியைச் சுத்தி, அரக்கு உருக்கி, சீல் வச்சுட்டுப் போயிட்டாக. விசாரணை முடியுற வரைக்கும் தொடக் கூடாது. அந்தம்மா மேல கேஸு வரும்கிறாக. அரக்கு வாசனை ரூமெல்லாம். எனக்கு அந்த வாசனை நல்லாத்தான் இருந்துச்சு, மறைப்பானேன். அந்தம்மா என் ரூம் வாசல்ல வந்து நின்னு, 'பிள்ளைங்களுக்கு முழங்கையைப் பார்த்தோம் அண்ணாச்சி, இதுக்குப் போய் எவனோ எழுதியிருக்கான் பாருங்க'ன்னுச்சு. கண்ணெல்லாம் கலங்கிப்போய் இருந்துச்சு. 'உலகம் கெட்டுப்போச்சு டாக்டர்'னேன்.

விருதுநகர் தாண்டிட்டோமா? சரி.

பன்னெண்டு நாளுக்கு முன்னால, சனிக்கிழமை காலையில பதினொரு மணி இருக்கும். எம் மக சிவகாமி தனுவைத் தூக்கிட்டு ஓடியாறா. பிள்ளை வலது கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அழுது. 'என்னாச்சு தாயி'ன்னேன். 'கையைப் பிடிச்சுத் தூக்கினேன்ப்பா, அவ்வளவுதான்.' எனக்கு நிம்மதி. இது நம்ம டொக்குதான், ஒரு நிமிஷ வேலை.

மெர்லின் டாக்டர் தொட்டுப் பார்த்துச்சு. முகம் சரியில்ல. 'லேசா வீக்கம் இருக்கே, சிவகாமி. இழுத்தா வீங்காது. நாலு வயசும் ஆயிடுச்சு, இந்த வயசுக்கு இழுப்பு அவ்வளவா வராது. எங்கயாச்சும் விழுந்தாளா?' 'இல்ல டாக்டர்.' 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.' 'இல்லவே இல்ல டாக்டர்.' அந்தம்மா அரக்கு வச்ச மெஷினை ஒரு தடவை திரும்பிப் பார்த்துச்சு. 'அது இருந்தா இப்பவே தெரிஞ்சிடும். சரி அண்ணாச்சி, கை கிடக்கிறபடியே ஒரு படம் எடுங்க. கையைத் திருப்பாதீங்க.' அதுக்குள்ள வாசல்ல ஒரு ஆக்சிடென்ட் கேஸைக் கொண்டுவந்து இறக்கிட்டாக, அது அங்க ஓடிட்டு.

நீங்களே சொல்லுங்க சார். என் பேத்தி. என் கை. என் மக சொல்லுறா, இழுத்ததுதான்னு. எவளோ நாகர்கோவில்ல இருந்து வந்து சொன்னா நான் கோணல் படம் எடுக்கணுமா? 'தாத்தா தொட்டதும் சரியாப் போயிடும் பாரு'ன்னு சொல்லி முழங்கையைப் பிளேட்டுல வச்சேன். நீட்டினேன். திருப்பினேன்.

டொக்கு வரல. மணல்ல செருப்பு போட்டுத் தேய்ச்ச மாதிரி நறநறன்னு ஒண்ணு என் விரலுக்கடியில ஓடிச்சு. தனு அழல சார். வாயைத் திறந்தா, சத்தம் வரல. என் முகத்தையே பார்த்தா. அப்புறந்தான் மூச்சு வந்து கத்தினா.

நான் முதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? படம் எடுத்தேன். வச்ச கையை விடாம, இன்னொரு கையால பட்டனை அமுக்கினேன். பொசிஷன் அவ்வளவு சுத்தமா வந்திருந்துச்சு. இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. படத்துல எலும்பு ரெண்டா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கி, அதுவும் அவ்வளவு தெளிவா. குனிஞ்சு பார்த்தா பிள்ளை விரல் அஞ்சும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கு.

மெர்லின் டாக்டர் ஓடிவந்து மணிக்கட்டுல கை வச்சுச்சு. நாடி இல்ல. என்னை ஒரு வார்த்தை கேக்கல. பொசிஷனைப் பார்த்தாலே அதுக்குத் தெரிஞ்சிருக்கும். கையை லேசா மடக்கிக் கட்டி, ஆம்புலன்ஸுல அதுவே கூட ஏறி மதுரை வரைக்கும் வந்துச்சு, வழியெல்லாம் விரலைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டே. கம்பி வச்சு எலும்பை நிறுத்தி, ரத்தக்குழாயையும் திறந்து சரி பண்ணினாக. கை நிலைச்சிடும்கிறாக. விரல் எல்லாம் பழையபடி மடங்குமான்னு இன்னும் சொல்ல மாட்டேங்கிறாக. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் அசையல சார்.

ஆபரேஷன் ரூம் வாசல்லதான் சிவகாமி சொல்லுறா. பக்கத்து வீட்டுக்காரரோட பைக் டேங்க் மேல தனுவை உக்கார வச்சு விளையாட்டுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கா. போன் வந்திருக்கு. இவ அந்தப்பக்கம் திரும்பினா, பிள்ளை இந்தப்பக்கம் விழுந்துட்டு, கையை ஊனி. மாப்பிள்ளை திட்டுவாருன்னு இழுத்ததாச் சொல்லிட்டா. பொய் சார். பெத்த பிள்ளை விஷயத்துல, டாக்டர் கண்ணைப் பார்த்துப் பொய். எம் மகளா இதுன்னு எனக்குச் சீன்னு போச்சு. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தா நான் திருப்பியிருப்பேனா?

திருப்பியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கேன்.

அவளும் சும்மா இல்ல. அழுதுக்கிட்டே சொல்லுறா, 'அந்த மெஷின் மட்டும் இருந்திருந்தா நான் மறைச்சாலும் டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும்ப்பா. அந்த லெட்டர் போட்டவன் கை அழுகிப் போகணும்.' என் தோள்ல சாஞ்சுக்கிட்டுச் சொல்லுறா. 'ஆமா தாயி'ன்னேன்.

இப்ப அங்க தினமும் காலையில வந்து என்ன பண்ணுறாகங்கிறீங்க? அதே ஜெல்லு. அதே கட்டை. மணிக்கட்டுல பிதுக்கி வச்சு ரத்தம் ஓடுதான்னு கேக்காக. சளக் சளக்னு ஒரு சத்தம் வரும். அது வர்ற வரைக்கும் நாங்க யாரும் மூச்சு விடுறது இல்ல. வந்ததும் சிவகாமி கும்பிடுறா. ஜில்லுன்னு இருக்கும்மான்னு தனு சிணுங்குறா. நான்தான் துடைச்சு விடுவேன்னு பக்கத்துல போனேன். இந்தா பாருங்க, பையில மல்லுத்துணி, பழைய வேட்டியைக் கிழிச்சுத் துவைச்சுக் கொண்டுபோறேன், ஆஸ்பத்திரிக் காகிதம் அவளுக்கு உரசுது. பக்கத்துல போனதும் கட்டுப் போட்ட கையை வயித்தோட ஒட்டி வச்சுக்கிட்டு, 'தாத்தா, திருப்பாத'ங்கிறா. நாலு வயசு. அன்னைக்கு டாக்டர் சொன்னது அவ காதுல விழுந்திருக்கு. எனக்குத்தான் விழல. துணியை மக கையில குடுத்துட்டு வராண்டாவுக்கு வந்துட்டேன்.

முந்தாநாள் இதை எழுதினா. பாருங்க. நோட்டுல கிழிச்சது. எல்கேஜியில போட்டாச்சுல்ல, பேர் எழுதத் தெரியும். வலது கை கட்டுல கிடக்கிறதால இடது கையால எழுதியிருக்கா. இது த. இது னு. த இந்தப் பக்கம் சாயுது, னு அந்தப் பக்கம் சாயுது. அவ அம்மா சிரிச்சுக்கிட்டே எனக்குக் காட்டினா. எனக்கு அதைப் பார்த்ததும் வாஷ்பேசினுக்கு ஓடத்தான் முடிஞ்சது. இந்தச் சாய்ப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன் சார். முக்கா மணி நேரம் உக்காந்து பார்த்திருக்கேன். அங்க ஜெல்லு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆனாலும் வாந்தி.

அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவும் சொன்னேன். தாளு என்கிட்டயே இருக்கு, பேனா உங்ககிட்ட இருக்கு. பெரிய டாக்டர் சொல்லுறாரு, புகார் எழுதினவன் வந்து, தப்பா எழுதிட்டேன்னு சொன்னா விசாரணை சீக்கிரம் முடிஞ்சிடும்னு. போன வாரம் ஒரு பிள்ளை வந்துச்சு, ஸ்கேன் பார்க்க முடியாமத் திருநெல்வேலிக்கு அனுப்பினாக. பிள்ளை அழுதுக்கிட்டே போகுது, என்னால என் ரூமுல உக்கார முடியல. அந்தம்மா ராஜினாமா எழுதி வச்சிருக்குன்னு நர்ஸு பேசிக்கிறாக. நான் எழுதிடலாம். ஆனா இடது கையால இனி எழுத முடியாது சார், பேனாவைப் பிடிச்சாலே அந்த னு ஞாபகம் வந்துடுது. வலது கையால எழுதினா எங்க ஆஸ்பத்திரியில என் எழுத்து எல்லாருக்கும் தெரியும், இருபத்திரண்டு வருஷமா எக்ஸ்ரே கவர் மேல பேர் எழுதினவன் நான்தானே.

எழுதுறீங்களா? ரொம்ப நல்லாயிருப்பீங்க. சொல்லுறேன். 'ஐயா, மேற்படி மருத்துவமனை மீது முன்பு அனுப்பப்பட்ட புகார் தவறானது. அங்கே குழந்தைகளின் முழங்கையைத்தான் பார்த்தார்கள். டாக்டர் மெர்லின் அவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. மெஷினை உடனே திறந்துவிட வேண்டும்.' உடனேங்கிறதுக்குக் கீழ ஒரு கோடு போடுங்க. அழகா இருக்கு சார் எழுத்து, கண்ணுல ஒத்திக்கலாம்.

என்ன கேக்கீங்க? கீழ யார் பேரா?

பேரெல்லாம் வேண்டாம் சார். பழைய மாதிரியே போடுங்க. இப்படிக்கு, குழந்தைகள் நலம் விரும்பி.

ஏன் சார், பேனாவை மூடுறீங்க?